பல்லிக்கு வேன் வரும்

மைக் செட் தொழிலில் சத்தம் வரவில்லை என்றால் ஏச்சு நமக்கு, வந்துவிட்டால் பேசினவருக்கு. வயர் சுருட்டிச் சுருட்டிக் கை காய்த்துப்போன என் சக பாவிகளே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? லாபு பக்கத்துத் தோட்டங்களில் திருவிழாவோ அரசியல் கூட்டமோ, ஸ்பீக்கர் பெட்டி இறக்குவது நான்தான். எங்கள் சட்டமன்ற உறுப்பினரை இங்கே எல்லாரும் 'ஒய்பி' என்போம். அவருடைய சங்கடங்களை முதலில் கேட்டதும் என் காதுதான்.

காலரில் தொங்கிய வினை

மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஒய்பி விரதத்தின் மேன்மையைப் பற்றி உருகி உருகிப் பேசினார். நானே கொஞ்சம் அசந்துதான் போனேன். மேடையை விட்டு இறங்கியவர் சட்டைக் காலரில் செருகியிருந்த மைக்கை மறந்துவிட்டு, கைப்பேசியோடு கோயிலுக்குப் பின்னால் போனார். நான் அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். பந்தல் முழுக்க அவர் குரல் கணீரென்று கேட்டது: "ஆட்டுப் பிரட்டலை முடிச்சிராதம்மா, எனக்குக் கொஞ்சம் எடுத்து வை. கிளம்பிட்டேன்."

மறுநாளே அந்தக் குரலோடு தாளிக்கிற சத்தத்தைச் சேர்த்து யாரோ வீடியோ விட்டுவிட்டார்கள். அன்றைக்குப் பந்தலே சிரித்தபோது கோயில் தலைவர் மட்டும் சிரிக்கவே இல்லை. நேரே என்னிடம் வந்து சொன்னார்: "பாஸ், அடுத்து அர்ச்சனை லா. ஒய்பி குழம்பு கேக்கிறதுக்குள்ள அந்த மைக்கை அடைச்சிருங்க."

ரூமியில் வந்த பல்லி

அடுத்த கூத்து, நான் படித்த தோட்டத் தமிழ்ப் பள்ளியில். தோட்டத்துக் குடும்பங்கள் பாதிக்கு மேல் சுங்கை காடுட் தொழிற்சாலைகளைத் தேடிப் போய் அங்கேயே குடியேறிவிட்டன. நானும் அங்கேதான். என் மனைவி வேலைக்குப் போகுமுன் எங்கள் மகளை மோட்டார் சைக்கிளில் வைத்து, மழையென்றும் பாராமல் கொண்டுபோய் விடுவாள். எல்லாராலும் அது முடியுமா? பிள்ளைகளை ஏற்றிவர வேன் இல்லையென்றால் இந்தப் பள்ளியை வேறொன்றோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு. தலைமையாசிரியை எஸ்தர் டீச்சர் அலையாய் அலைந்து ஒய்பியை அழைத்து வந்தார்.

ஒய்பி தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. மலாய்ப் பள்ளியில் படித்தவர். அதனால் அவர் உரையை ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், தட்டி டேப்லெட்டில் ஏற்றிக் கொடுப்பார்கள். அன்றைக்கு அந்தச் சனியன் தானாகவே மடமடவென்று ஓட ஆரம்பித்துவிட்டது. ஒய்பி வரிகளைத் துரத்திக்கொண்டு படித்தார். ரூமியில் பள்ளிக்கும் பல்லிக்கும் ஒரே எழுத்து அல்லவா! "தோட்டத்துப் பல்லிகள் நம் சொத்து! ஒரு பல்லியைக்கூட அழிய விடமாட்டேன்! இந்தப் பல்லிக்கு வேன் வரும்!"

எஸ்தர் டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். முன்வரிசையில் இருந்த ஒரு தகப்பன் எழுந்து, மரியாதையாகத்தான் கேட்டார்: "ஒய்பி, எங்க வீட்டுச் சுவத்துலயும் நாலு நிக்குது. அதுங்களுக்கும் வேன்ல எடம் இருக்குமா?"

ச்சு ச்சு ச்சு

ரெண்டே நாளில் உருமி மேளம் வைத்து ரீமிக்ஸ் வந்துவிட்டது. "வேன் வரும், வேன் வரும்" என்று ஒய்பி முழங்க, நடுநடுவே பல்லி 'ச்சு ச்சு' கொட்டும். தெமியாங்கில் ஒரு கல்யாண விருந்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வரும்போது அதைத்தான் போட வேண்டும் என்று மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஒற்றைக்காலில் நின்றார்கள். பல்லி சொன்னால் பலிக்குமாம், நல்ல சகுனமாம்! போட்டேன். மண்டபமே ஆடியது.

எனக்குத்தான் ஆட்டம் வரவில்லை. எஸ்தர் டீச்சர் போன் மேல் போன் போட்டும் ஒய்பி ஆபிசில் யாரும் எடுப்பதில்லை. ஒரு கேலியில் பள்ளியே போய்விடும்போல் இருந்தது. ஒய்பியின் உதவியாளரைக் கூட்டமொன்றில் பிடித்து நிறுத்திக் கேட்டேன். அவர் சொன்னது: "அண்ணே, பள்ளின்னாலே அவரு காருக்குள்ள போயி கண்ணாடிய ஏத்திக்கிறாரு. கொஞ்ச நாளைக்கு விட்டுருங்க லா."

ள்

ஊர் விடவில்லை. ஒய்பி எங்கே இறங்கினாலும் "வேன் என்னாச்சு?" என்ற கேள்விதான். பசாரில் மீன் விற்கும் மலாய்க்காரர்கூட அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "சிச்சாக்குக்கு வேன் கொடுத்தாச்சா?" என்று கேட்டாராம். மலாயில் சிச்சாக் என்றால் பல்லி. மனிதர் எங்கே ஓடுவார்? வேன் வந்துவிட்டது!

ஒப்படைக்கும் நாளில் மைக் செட் நான்தான். ஒய்பி டேப்லெட்டைத் தொடவில்லை. மைக்கைப் பிடித்ததுமே பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக 'ச்சு ச்சு' கொட்டின, என் மகள் உட்பட. எனக்குத் திக்கென்றது. ஒய்பி நாக்கை மடக்கி, "பள்... ளி. டீச்சர், இப்ப சரியா?" என்றார். என் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

எஸ்தர் டீச்சர் எழுந்து கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "ரொம்பச் சரி ஒய்பி. அடுத்த தடவை கூரை மாத்த வாங்க, 'ழ'னாவையும் பாத்துருவோம்."

நான் ஊருக்கெல்லாம் கேட்க வைத்த சுத்தமான வாக்குறுதிகள் எங்கே போயினவோ தெரியாது, நாக்குப் பிசகிய ஒன்றுதான் தினமும் காலையில் எங்கள் வீட்டு வாசலில் ஹாரன் அடிக்கிறது.