நாற்பத்தெட்டு நாள் உட்கார்ந்த கதை

எங்கள் வீட்டுக்குத் தியானம் வந்தது அம்மாவின் கம்பெனி பஸ்ஸில்தான். வேலை செய்கிற பெண்களுக்கு யாரோ வந்து வகுப்பு எடுத்தார்களாம். தினமும் இருபது நிமிஷம், ஒரு நாளும் விடாமல் ஒரு மண்டலம் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் அதுவே பழகிவிடுமாம். அம்மா அன்றைக்கே அறிவித்துவிட்டாள்: நாளையிலிருந்து காலை ஐந்தரைக்கு மொட்டை மாடிக்குப் போவேன், அந்த இருபது நிமிஷம் மட்டும் என்னை யாரும் கூப்பிடக் கூடாது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. விடாமல் நாற்பத்தெட்டு நாள் என்றதுமே உடம்பெல்லாம் பரபரத்தது. உழவர்கரையில், எங்கள் தெருவில், யார் செய்திருக்கிறார்கள் இப்படி ஒரு சாதனை! மறுநாள் அம்மாவுக்கு முன்னாலேயே மாடியில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டேன். என்னைப் பார்த்ததும் அம்மா கடைசிப் படியிலேயே கொஞ்சம் நின்றாள். அப்புறம், சரி, பேசக் கூடாது என்றாள். நான் பேசவே இல்லை. இன்னும் எவ்வளவு நேரம் என்று மட்டும் நாலு தடவை கேட்டேன்.

காலண்டரில் சிவப்பு ஸ்கெட்சால் எண் போடுவது என் பொறுப்பு. எண் ஏற ஏற எனக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு நல்ல விஷயத்தை நாம் மட்டும் வைத்துக்கொள்வதா? பத்தாம் நாள் அப்பாவை எழுப்பி இழுத்து வந்தேன். பதினைந்தாம் நாள் அடுத்த தெருவிலிருந்து சித்தப்பாவும் சித்தியும். சித்தப்பா ஐந்தே நிமிஷத்தில் குறட்டை விடுவார். கேட்டால், "தூங்கலடி, உள்ள ரொம்ப தூரம் போயிட்டேன், திரும்பி வர வண்டி கிடைக்கல" என்பார். முடிந்ததும் எல்லோருக்கும் டீ. அதற்காக அம்மா ஐந்து மணிக்கே எழுந்தாள். என்னால் அவளுக்கு எவ்வளவு துணை சேர்ந்துவிட்டது என்று பூரித்துப்போனேன்.

நாற்பத்தெட்டாம் நாள். சந்தோஷம் தாங்காமல் ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். அம்மாவின் இடம் காலி.

எல்லாம் போச்சு என்று கீழே ஓடினேன். அடுப்படியில் இல்லை. கொல்லையில், துணி துவைக்கிற கல்லின் மேல் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. என்னைவிடச் சின்னப் பெண் மாதிரி இருந்தாள். பார்க்க எனக்கு எங்கே நேரம்? கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏன்டி, இங்க உட்கார்ந்தா கணக்குல வராதா?"

"வராது, மேல வா."

அம்மா சிரித்தாள். எழுந்து வந்தாள். மிச்ச ஏழு நிமிஷமும் எங்கள் நடுவில் உட்கார்ந்தாள்.

டீ குடித்ததும், மாடிக்கே தூக்கி வந்திருந்த காலண்டரில் நான் நாற்பத்தெட்டு என்று எழுதியபோது சித்தப்பா விசில் அடித்தார். அந்த ஜோரிலேயே அடுத்த மண்டலம் நாளைக்கே ஆரம்பம் என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா மட்டும் காலி டம்ளர்களை அள்ளிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். டம்ளர் கழுவத்தான் அவ்வளவு அவசரமாகப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.