பிள்ளைச்சாவடியில் என் நாடகம்

எண்பதுகளின் தொடக்கம். சாரம் பகுதியில் குடியிருந்துகொண்டு, புதுச்சேரியில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயுத பூஜைக்கு மில்லில் நாடகம் போடுவோம். அந்த வருட நாடகத்தை எழுதியவன் நான். வேலை போனதை மனைவியிடம் மறைக்கும் ஒரு தொழிலாளியின் கதை. கடைசியில் அவன் உண்மையைச் சொல்ல, மனைவி விழுந்து அழுவாள். திரை விழும். நாடகம் கைதட்டலை அள்ளியது. நோட்டீஸில் மட்டும் என் பெயர் இல்லை. 'மில் தொழிலாளர்கள் வழங்கும்' என்று போடுவதுதான் எங்கள் வழக்கம்.

சில மாதம் கழித்து, பெரிய மார்க்கெட் சுவரில் ஒரு நோட்டீஸைப் பார்த்தேன். பிள்ளைச்சாவடி கோயில் திருவிழாவில் நாடகமாம். என் நாடகத்தின் தலைப்பு! கதை, வசனம் என்ற இடத்தில், என் நாடகத்தில் மேஸ்திரி வேடம் போட்ட, அந்த ஊர்க்காரரான சக தொழிலாளியின் பெயர். எனக்கு ரத்தம் கொதித்தது. வாங்கிய காய்கறிப் பையை சைக்கிளில் மாட்டிக்கொண்டு, அப்படியே வடக்கே, அந்த மீனவக் கிராமத்துக்கு மிதித்தேன். நாடகத்தை நிறுத்தாமல் திரும்புவதில்லை என்று முடிவு.

வலை காயப்போட்டிருந்த மணலில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. போன வேகத்தில் சத்தம் போட்டேன். மேஸ்திரி வேடக்காரர் ஓடி ஒளியவில்லை.

"நீ எழுதுனதுன்னு தெரியும்ணே. ஆனா அது மில்லு டிராமாதான? நோட்டீஸ்ல யார் பேரும் இல்ல. பிரஸ்ல பேரு கேட்டாங்க, என் பேரக் குடுத்துட்டேன்" என்றார்.

நோட்டுப் புத்தகம்கூட இல்லை. முழு நாடகமும் அவருக்கு மனப்பாடம். கடைசிக் காட்சியை நடித்துக் காட்டச் சொன்னேன், திருட்டைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான். கணவன் உண்மையைச் சொன்னான். மனைவியாக நடித்தவர் அழவில்லை. மீன் கூடையை இறக்கி வைத்தார்.

"வேல போனது அன்னிக்கே தெரியும். நீயா சொல்றியான்னுதான் பாத்துக்கினு இருந்தேன். எழுந்து கூடையத் தூக்கு, போலாம்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மூன்று மாதம் மண்டையை உடைத்தும் எனக்குத் தோன்றாத முடிவு! யார் எழுதியது என்று கேட்டேன். ஓரமாக உட்கார்ந்து கருவாடு புரட்டிக்கொண்டிருந்த தன் மனைவியைக் காட்டினார். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவர். எந்தப் பெண்ணும் அந்த நேரத்தில் உட்கார்ந்து அழமாட்டாள் என்று சண்டை போட்டு மாற்ற வைத்தாராம்.

வந்த வேலை மறந்துபோனது. அடுத்த முறை மில்லில் போடும்போது இந்தக் காட்சியை வைத்துக்கொள்ளலாமா என்று ஆசையாகக் கேட்டேன். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"எடுத்துக்கினு போயி உன் பேருல போட்டுக்குவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அவர் பெயரைக் கேட்டுக்கொண்டேன்.

திருவிழாவில் மைக்கில் என் பெயரையும் அந்த அம்மாவின் பெயரையும் சேர்த்தே சொன்னார்கள். அடுத்த ஆயுத பூஜைக்கு எங்கள் நோட்டீஸில் முதன்முறையாக என் பெயர் வந்தது. அதன் கீழே, 'கடைசிக் காட்சி' என்று போட்டு அந்த அம்மாவின் பெயர். மீன்காரியின் பெயரா என்று மில்லில் சிலர் கிண்டல் செய்தார்கள். நான் பொருட்படுத்தவில்லை. நோட்டீஸை மார்க்கெட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். படிக்கத் தெரியாத அவர், தன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு அதைத் தொட்டுப் பார்த்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ நாடகம் எழுதிவிட்டேன். ஆனாலும் என் பெயரை அச்சில் பார்த்த சந்தோஷத்தைவிட, அந்த விரல் அவர் பெயர்மேல் நின்றதைப் பார்த்த சந்தோஷம்தான் இன்றும் எனக்குப் பெரிது.