எனக்கென்ன மூணு கையா?

தம்பி பற்றவைத்த இரும்புக் கதவில் இணைப்பு எங்கே என்று விரலால் தடவினாலும் தெரியாது. அக்கா அதைப் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிப் பூரிப்பாள். ஆனால் துண்டுகள் நகராமலிருக்க முதலில் சின்னப் பொட்டாகப் பற்றவைக்கும்போது மட்டும் அவன் கையில் பிடிக்கும் முகமூடியைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொள்வான். ஒரு நொடி முந்தித் திறந்தால் போதும், ராத்திரியெல்லாம் கண்ணில் மணல் அள்ளிப் போட்டது போலத் துடிப்பான்.

"இப்படியே போனா பார்வை போயிடும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தம்பி மனைவி அவனிடம் பேச்சை நிறுத்தினாள். "தண்டனை இருந்தாதான் திருந்துவாரு, அண்ணி" என்றாள் அக்காவிடம்.

அவனோ, வீடு அமைதியாக இருக்கிறதே என்று நன்றாகத் தூங்கினான்.

ஆஸ்பத்திரி மனநல ஆலோசகர் படிக்கட்டு வரைந்து காட்டினார். முதல் படியில் மாறும் எண்ணமே இருக்காதாம். அடுத்து யோசனை, பிறகு ஆயத்தம், நான்காவதுதான் செயல். "இவர் இப்ப ரெண்டாவது படி. அவசரப்படுத்தாதீங்கம்மா."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவன் படியேறி வர்றதுக்குள்ள கண்ணு அவிஞ்சிடும்!"

நேரே பட்டறைக்குப் போனாள். "எருமை! மூஞ்சிக்கு நேரா முகமூடியைப் பிடிச்சா கை தேஞ்சிடுமாடா?"

"ஒரு கையில வெல்டிங் கம்பி, ஒரு கையில இரும்பு. எனக்கென்ன மூணு கையாக்கா?"

பை தைக்கும் தொழில் அவளுக்கு. முகமூடியில் தலைப்பட்டை வைத்துத் தைத்தாள். தலையை ஒரு வெட்டு வெட்டினால் முகத்தில் விழும். தம்பி மெச்சினான். மெச்சிவிட்டு ஆணியில் மாட்டினான்.

ஒரு வாரம் கழித்தும் அது ஆணியில்தான் தொங்கியது. கேட்டால், "மாப்பிள்ளை தலைப்பான்னு பட்டறையில எல்லாரும் சிரிக்கிறாங்க" என்றான்.

அன்றைக்கு வந்த கோபம் அவளுக்கு ஆயுசில் வந்ததில்லை. அங்கிருந்த முகமூடிகளை எல்லாம் வாரிக்கொண்டு போய், எல்லாவற்றிலும் பட்டை தைத்து வந்து, முதலாவதை மேஸ்திரி தலையில் அவளே மாட்டினாள். "சிரிக்கிற வாய்க்கு மேல கண்ணும் இருக்குல்ல அண்ணே? நீங்க போட்டாதான் இவனுங்க போடுவானுங்க." மேஸ்திரி தலையை ஒரு வெட்டு வெட்டி முகமூடியை இறக்கிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் பட்டறையில் எல்லார் முகமும் மூடியிருந்தது.

அடுத்த சோதனையில் கண் தெளிந்திருந்தது.

"பாத்தீங்களா, நாலாவது படிக்கு வந்துட்டாரு" என்றார் ஆலோசகர்.

"நான் பேசாம இருந்ததுக்குப் பலன்" என்றாள் மனைவி.

"நானா முடிவு பண்ணினேன்" என்றான் தம்பி.

அக்கா பல்லைக் கடித்தாள். "ஆமாடா, நீயாதான் முடிவு பண்ணினே. பட்டை தளர்ந்து கிடக்கு. கழட்டிக் குடுத்துட்டுப் போ, இறுக்கித் தைக்கணும்."