வாசுகி அக்கா சாந்தமானவர் இல்லை

உடுமலைப்பேட்டையில் தேங்காய் மண்டி ஒன்றில் கிடந்த பழைய ஜீப்பைப் பார்த்துவிட்டு, கோவைக்குத் திரும்பும் பேருந்தில் ஏறியபோதுதான் வாசுகி அக்காவின் தம்பி அழைத்தார். காலையில் டீ குடித்துக்கொண்டிருந்த அக்கா அப்படியே சரிந்துவிட்டாராம். மூளையில் ரத்தக்கசிவு. மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

பேருந்து உக்கடம் வருவதற்குள் நம் பழைய கார் நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய படம் வந்துவிட்டது. “சாந்தமே உருவான எங்கள் சகோதரி” என்று அதன்மேல் எழுதியிருந்தது. கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். துக்கத்தால் மட்டும் இல்லை.

அவரோடு ஆறு ஆண்டுகள் பீளமேட்டில் பட்டறை நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன். வாசுகி அக்கா சாந்தமானவர் இல்லை. கோபக்காரர். கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதைதான் கூடும். எதிரில் நிற்பவருக்கு அது பணிவாகத் தெரிந்தது. அவருடைய கோபத்தைக் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஜப்பான் காரை எல்லோருக்கும் நினைவிருக்கும். மூடிய மில் ஒன்றின் குடோனில் பல வருடங்களாக நின்ற சிவப்பு வண்டி. அதில் இருந்தது ரோட்டரி எஞ்சின். மற்ற வண்டிகளில் இருப்பதுபோல மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் அதில் கிடையாது. முக்கோணமான இரண்டு ரோட்டர்கள், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக, உள்ளே சுழலும். ஒவ்வொன்றின் மூன்று மூலைகளிலும் பக்கவாட்டிலும் காற்று கசியாமல் அடைக்கும் மெல்லிய சீல்கள். அவை பத்திரமாக இருந்தால்தான் எஞ்சினுக்கு உயிர்.

அதை ஓடவைக்க வேண்டும் என்று மில் வீட்டின் இளைய முதலாளி எங்களை அழைத்தார். வண்டியை எப்போதாவது நகர்த்தினீர்களா என்பதுதான் வாசுகி அக்கா கேட்ட முதல் கேள்வி. அசைக்கவே இல்லை என்று அவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அக்கா குனிந்து சக்கரத்தின் அடியில் பார்த்தார். நசுங்கிக் காய்ந்து கறுத்துப்போன எலுமிச்சம்பழத் தோல்கள் அங்கே அடை அடையாக ஒட்டியிருந்தன.

“அப்ப இந்தப் பழமெல்லாம் தானா நடந்து வந்து டயருக்கடியில படுத்துக்குச்சுங்களா?”

இளைய முதலாளி சிரித்தார். “ஆயுத பூஜைன்னா வண்டி பழத்து மேல ஏறித்தானுங்க ஆவோணும். டிராக்டர்ல கட்டி ரெண்டடி இழுத்துப்போட்டு, மறுக்கா பின்னால தள்ளி உட்ருவோம்.”

வருடா வருடம் அப்படி இழுத்திருக்கிறார்கள், கியரிலிருந்துகூட எடுக்காமல். எண்ணெய் வற்றிய எஞ்சினை முன்னும் பின்னும் தேய்த்திருக்கிறார்கள். வண்டிக்கு நல்லது நடக்கவேண்டும் என்றுதான்.

எங்கே சேதம் என்று தெரிந்தபிறகு அக்கா சாவியைத் தொடவே விடவில்லை. பேட்டரியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டார். ஸ்பார்க் பிளக்குகளை எடுத்து அந்தத் துளைகளில் எண்ணெய் ஊற்றினார். சில நாள் ஊறவிட்டு, நீளமான ஸ்பேனரால் எஞ்சினைக் கையாலேயே மெதுவாகச் சுற்றினார். ரோட்டரின் ஒவ்வொரு பக்கமும் கடந்துபோகும்போது துளை வழியாகப் புஸ்ஸென்று காற்று வரவேண்டும். முன் ரோட்டரில் மூன்றும் வந்தன. பின் ரோட்டரில் இரண்டு வந்தன. மூன்றாவது இடத்தில் சத்தமே இல்லை. பக்கவாட்டுச் சீல் ஒன்று கரியில் இறுகிக் கிடந்தது.

இளைய முதலாளி தினமும் வந்து அவசரப்படுத்தினார். “இன்னைக்கு ஆவாதுங்க” என்பதே தினமும் பதில். எண்ணெய் ஊற்றுவதும் சுற்றுவதும் காது கொடுப்பதுமாக நாட்கள் போயின. ஒரு நாள் மதியம், சோற்றுக்குப் போகலாம் என்று நான் எழுந்தபோது, மூன்றாவது புஸ் கேட்டது. வாசுகி அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தார். “கேளு அம்மணி” என்றார். அவர் முகத்தில் நான் பார்த்த பெரிய சந்தோஷம் அதுதான்.

ஆயுத பூஜை அன்று முதல் ஸ்டார்ட். குளிர்ந்த ரோட்டரி எஞ்சினைக் கிளப்பி உடனே நிறுத்தினால் உள்ளே பெட்ரோல் தேங்கி எண்ணெயைக் கழுவிவிடும். சூடேறும்வரை நிறுத்தக்கூடாது என்று முந்தின நாளே அக்கா சொல்லியிருந்தார். அன்று காலையும் சொன்னார். வண்டி முதல் முயற்சியிலேயே உறுமியது. எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறியது. எல்லோரும் கை தட்டினார்கள். சத்தத்தில் மந்திரம் கேட்கவில்லை என்று யாரோ சொல்ல, தீபாராதனைக்காக எஞ்சினை நிறுத்திவிட்டார்கள்.

பிறகு அது கிளம்பவில்லை. பிளக்கைக் கழற்றிக் காயவைத்து நாளைக்குக் கிளப்பித் தருகிறேன் என்று அக்கா கேட்டுப்பார்த்தார். விருந்தாளிகள் காத்திருந்தார்கள், நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. டிராக்டரைக் கொண்டுவந்து கட்டி இழுத்தார்கள். உள்ளே ஏதோ நொறுங்கும் சத்தம் கேட்டதும் அக்கா தன் ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“நல்லா இருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அதைவிடக் கடுமையாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் நம் குழுவில் இளைய முதலாளி எழுதினார், பொம்பளைகள் கை வைத்தால் இப்படித்தான் என்று. உங்களில் பலர் சிரிக்கும் பொம்மைகளைப் போட்டீர்கள். அந்த வாரமே எஞ்சினைக் கழற்றி எங்கள் பட்டறை வாசலில் இறக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். அதைப் பிரித்தபின் வாசுகி அக்கா ஒரே ஒரு பதில் எழுதினார்: “எஞ்சினைப் பிரிச்சு வெச்சிருக்கேனுங்க. வந்து பாருங்க. டீ தர்றேன்.” ஒருவரும் வரவில்லை. அதன்பின் இந்தக் குழுவிலிருந்து எங்கள் பட்டறைக்கு ஒரு வண்டிகூட வரவில்லை. வால்பாறை எஸ்டேட் ஜீப்புகளும் தோட்டத்து டிராக்டர்களும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. ரோட்டரி எஞ்சின்கள் பற்றி உலகத்தில் எழுதியதையெல்லாம் படித்துவைத்திருந்த ஒருவர், டிராக்டர் கிளட்ச்சை மாற்றிக்கொண்டிருந்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அஞ்சலிக் கூட்டமாம். இளைய முதலாளி நேற்று அழைத்தார். அந்த எஞ்சின் இன்னும் எங்கள் பட்டறையில்தான் இருக்கிறது. அதைத் துடைத்து மாலை போட்டு, அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் வைக்கவேண்டுமாம். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. பட்டறையில் பேசவேண்டியதையெல்லாம் அக்காவே பேசிவிடுவார்.

“ஆவாதுங்க” என்றேன்.

“இன்னைக்கே வேண்டாங்க அம்மணி, ஞாயித்துக்கெழமைக்குத்தான்” என்றார்.

“என்னைக்குமே ஆவாதுங்க” என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை.

கூட்டத்தில், ஆயுத பூஜை அன்று எடுத்த ஸ்டார்ட் வீடியோவையும் போடுவார்களாம். நம் குழுவில் இப்போது எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்களே, அதுதான். நாதஸ்வர இசை சேர்த்திருக்கிறார்கள். பானட்டில் கை வைத்தபடி வாசுகி அக்கா ஏதோ சொல்கிறார். வாழ்த்துகிறார் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அதை எடுத்தவள் நான். இசை சேர்க்காத வீடியோ என் போனில் இருக்கிறது. அவருடைய ஸ்பேனர்களைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். இந்த வீடியோவை யாருக்கும் தருவதாக இல்லை, ஆனால் வந்தால் கேட்கலாம். டீயும் தருகிறேன். அதில் எஞ்சின் ஓடுகிறது. அதற்கு மேலாக அக்காவின் குரல், தெளிவாக, ஒரே சொல்லை மூன்று முறை சொல்கிறது: “நிறுத்தாதீங்க. நிறுத்தாதீங்க. நிறுத்தாதீங்க.” அப்புறம் யாரோ சிரிக்கிறார்கள். அப்புறம் எஞ்சின் நிற்கிறது.