இறந்தோருக்கு உணவிட்ட இன்காக்கள்

பழங்கால இன்கா மக்களின் கலைப்பொருட்களைப் பார்க்க என்னை அழைத்துச் சென்றவர், பிரெஞ்சுத் தலைநகரின் புறநகரான பொண்டியில் வசிக்கும் நண்பர். உணவகமொன்றில் சமைப்பவர்; அன்று அவருக்கு விடுமுறை. அருங்காட்சியகத்தில் பிரெஞ்சுக் குறிப்புகளை வாசித்துத் தமிழில் சொல்வது என் வேலை. ஊரில் வரலாறு கற்பித்தவன் என்பதால் சற்றுக் கூடுதலாகவே சொல்வேன். அவர் பொறுத்துக்கொள்வார்.

நாங்கள் இருவரும் மகனை இழந்தவர்கள். அவருடைய மகன் இந்த நகரத்து மருத்துவமனையில், தகப்பனின் கையைப் பிடித்தபடி இறந்தான். அஸ்தியைக் கடலில் கரைத்தார்கள். என் மகன் 2009இல் போரின்போது வன்னியில் காணாமற்போனான். அவன் வருவான் என்கிறாள் என் மனைவி. அவனுடைய படத்துக்கு மாலை போட அவள் விடுவதில்லை.

கண்ணாடிக்குள், முழங்கால்களை மடித்து உட்காரவைத்துத் துணிகளால் சுற்றப்பட்ட ஓர் இளைஞனின் உடல் இருந்தது. பக்கத்தில் அவனுடைய செருப்பு, சோளக்கதிர், ஒரு சிறு பை. இறந்துபோன அரசர்களின் முன்னால் இன்காக்கள் உணவும் சோளமதுவும் படைத்தார்கள் என்று வாசித்துச் சொன்னேன்.

"இது திவசமெல்லோ அண்ணை! எங்கட ஐயர் அங்கையும் போய் வந்திட்டார் போல," என்றார் நண்பர்.

"மது வைக்க உங்கட ஐயர் விடுவாரோ?"

"நான் பெடியனுக்குக் கோலா வைக்கிறதுக்கே மனிசி ஏசுறவ. இவங்களைப் பாத்தால் என்ன சொல்லுவாவோ!"

நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் செருப்பை விட்டு என்னால் நகர முடியவில்லை. யாரோ ஒரு தாய் அதை அவனருகே வைத்திருக்கிறாள். எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன் இறந்துபோன ஒரு பெண்மீது எனக்குப் பொறாமை வந்தது. அருகில் நின்ற நண்பர்மீதும்தான், அது புதிதல்ல.

திரும்பும் வழியில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் நண்பர் வாழையிலையும் எள்ளும் வாங்கினார். வரும் ஞாயிறு அவருடைய மகனின் திவசம். கத்தரிக்காயை நல்ல பிஞ்சாகத் தேடிப் பொறுக்கினார். மகனுக்குச் சமைக்கும் மனிதரின் முகம் அது. நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிறன்று மனைவியுடன் நண்பர் வீட்டுக்குப் போனேன். எள்ளும் தண்ணீரும் இறைத்து முடியும் தறுவாயில் ஐயர் நிமிர்ந்தார்.

"வேறை ஆருக்கும் இறைக்க வேணுமெண்டால் பேரைச் சொல்லுங்கோ."

நண்பர் என்னைப் பார்த்தார். என் மகனின் பெயர் தொண்டைவரை வந்துவிட்டது. சமையல் நடந்த குசினி வாசலில் என் மனைவி கையில் சோற்றுச் சட்டியுடன் நின்றாள். அவள் கண் என் வாயின்மீதே இருந்தது.

"இல்லை ஐயா," என்றேன்.

அவள் சட்டியோடு உள்ளே போனாள். ஐயர் கடைசித் தடவையாக நண்பரிடம் மகனின் பெயரைக் கேட்டார். நண்பர் சொன்னார்: முழுப் பெயரையும், தடுமாறாமல், சபை கேட்க. அவருடைய விரல்களுக்கிடையால் எள்ளோடு நீர் வழிவதை, எனக்கு உரிமையில்லாத ஒன்றைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.