கரை நாடாவும் கைக்குழந்தையும்

கலாவதியை நான் முதலில் பார்த்தது 1971 தை மாதம். முகத்தை அல்ல, தறிக்கு அப்பால் குறுக்கிழை ஓட்டும் நாடாவை வாங்கி வாங்கி விட்ட வளையல் கையைத்தான்.

திருப்புட்குழியில் எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். பி.எஸ்ஸி. முடித்த கையோடு ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. கைக்குழந்தைகளுக்கு என்ன புகட்டுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். பிள்ளை பெற்றவர்களிடம் இருபத்திரண்டு வயசுப் பையன் போய் இதைக் கேட்க முடியுமா? அதனால் மரியம்மாள் என்ற நர்சம்மாவைக் கூட அனுப்பினார்கள். அவர் கேட்பார், நான் எழுதுவேன்.

பிள்ளையார்பாளையத்தில் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது பஞ்சாட்சரம் தறிக்குழியில் இருந்தார். ஓரத்தில் அவர் மனைவி கலாவதி. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் அது கோர்வை. உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு ஒரு நாடா. அவர் ஒன்றை ஓட்ட, ஓரத்தில் இருப்பவர் மற்றதைப் போட்டு, வரிக்கு வரி இரண்டு இழையையும் கோத்துவிட வேண்டும். ஒருவர் எழுந்தால் மற்றவர் சும்மா உட்கார வேண்டியதுதான்.

ஏணையில் ஒன்றரை மாதப் பெண் குழந்தை.

“தாய்ப்பால் மட்டும்தானாம்மா?” என்று கேட்டார் மரியம்மாள்.

“அது மட்டும்தான் நர்சம்மா.”

“சர்க்கரைத் தண்ணி?”

“பொறந்து மூணு நாள் அத்தை குடுத்தாங்க. சீம்பாலைப் பீச்சிக் கொட்டிடச் சொன்னாங்க.”

“உரை மருந்து?”

“வாரத்துக்கு ஒருவாட்டி.”

“கிரைப் வாட்டர்?”

“அது மருந்துதானே?”

‘தாய்ப்பால் மட்டும்’ என்பதற்கு எதிரே ‘ஆம்’ என்று எழுதியிருந்ததை அடித்தேன். மரியம்மாள் சிரித்துவிட்டார். “அடி அடி. பட்டதாரிக்கு இனிமே எல்லா வீட்டுலயும் இதே வேலைதான்.”

கலாவதி எழுந்து கிட்டே வந்தார். “இதுக்கு முன்னாடி ஒண்ணு இருந்துது நர்சம்மா. அப்பவும் நாப்பது நாள்ல தறிக்கு வந்துட்டேன். டப்பாப் பாலைப் பாட்டில்ல குடுத்துக்கினு இருந்தோம். அஞ்சாம் மாசம் பேதி. நாலே நாள். இதையாவது காப்பாத்திக்கணும்” என்றார்.

“ஆறு மாசம் உன் பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணிகூட வேணாம். பாட்டிலைத் தொடாதே. குடுக்கக் குடுக்கத்தான் ஊறும்.”

“தறி?”

மரியம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அடுத்த மாதம் ஒரு காலையில் போனோம். தறி ஓசை இல்லை. பஞ்சாட்சரம் நெய்ததைப் பிரித்துக்கொண்டிருந்தார். குழந்தை அழுத அழுகையில் கவனம் சிதறி, கலாவதி நாடாவைப் போட்டாரே தவிர இழையைக் கோக்கவில்லையாம். உடலுக்கும் கரைக்கும் நடுவில் விரல் நுழையும் பிளவு. அது கண்ணில் படுவதற்குள் ஒரு சாண் ஓடிவிட்டது.

ஏணைப் பக்கம் பஞ்சாட்சரத்தின் தாயார் நீலாம்பாள் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தார். கலாவதி போய் அதைக் கையிலிருந்து வாங்கி, முற்றத்துச் சாக்கடையில் கொட்டினார்.

“ஆறு பெத்தவடி நான். எனக்கே சொல்லித் தர்றியா? பசும்பாலும் சர்க்கரைத் தண்ணியும் குடிச்சுத்தான் உன் புருஷன் வளர்ந்தான்.”

“ஆறுல எத்தனை இருக்குது அத்தே?”

பஞ்சாட்சரத்தின் பிரிக்கிற கை நின்றது. உயிரோடு இருப்பது இரண்டு பேர். நீலாம்பாள் பால் டப்பாவை எடுத்து மெதுவாக மூடினார். “நான் என்னா வேணும்னா குடுத்தேன்? தறி நின்னா அடுப்பு எரியுமா?” குரலில் சண்டை இல்லை.

“அம்மா, பாவுல இதுதான் கடைசிச் சேலை. இது முடியட்டும்” என்றார் பஞ்சாட்சரம், தறியில் ஏற்றியிருந்த நீள இழைகளைக் காட்டி.

தட்டிக் கழிக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதுவரைக்கும் குழந்தை அழும்போதெல்லாம் இருவரும் தறியை நிறுத்தினார்கள். சேலை முடிந்ததும் அவர் நூல் கொடுக்கும் முதலாளியிடம் போய், கோர்வை இல்லாத பாவு கேட்டு வாங்கி வந்தார். உடலும் கரையும் ஒரே நிறம், ஒற்றை நாடா, ஒரே ஆள் போதும். கோர்வைக்குப் பேர் போனவர் அதை நெய்வது, மேல்வகுப்பு வாத்தியாரை அரிச்சுவடி எழுத உட்காரவைத்த மாதிரி. பங்குனியில் நாங்கள் போனபோது பக்கத்து வீட்டுக் கலியாணசுந்தரம் வாசலில் நின்று சீண்டிக்கொண்டிருந்தார்.

“என்னாபா, கோர்வை மறந்து போச்சா? தொழில் கத்துக்கினு இருக்கிறவன் நெய்யிறதை நீ நெய்யிறே?”

“மறக்கலபா. கரை போடுற கை வேற வேலையா இருக்குது. வைகாசி போவட்டும், குழந்தைக்கு ஆறு மாசம் ஆயிடும்.”

நீலாம்பாள் என்னைப் பார்த்ததும் அவராகவே ஆரம்பித்தார். “தண்ணி இல்ல, உரை மருந்து இல்ல, ஒண்ணும் இல்ல. எழுதிக்கோ தம்பி. நாளைக்கு வயித்தை வலிச்சு அழுதா என்னைக் கேக்காதே.”

குழந்தை கொழுகொழுவென்று மடியில் கிடந்தது. மடி அவருடையதுதான்.

படிவத்தில் ‘காரணம்’ என்ற இடத்தில் ‘ஒற்றை நாடா’ என்று எழுதினேன். மேலதிகாரி புரியாமல் அதை அடித்துவிட்டு ‘கணவர் ஒத்துழைப்பு’ என்று திருத்தினார். தப்பில்லை. ஆனால் பாட்டிலைக் கொட்டிய கை அதில் வரவில்லை.

இது 1979. அந்தக் குழந்தை தையல்நாயகி மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுக்குப் பின் பிறந்த தம்பிக்கும் ஆறு மாதம் ஒற்றை நாடாதான் ஓடியது. கலாவதி அதே வீட்டில், தறியின் அதே ஓரத்தில் உட்கார்ந்து கரை போடுகிறார்.