முன்னே புறப்பட்ட பை

எங்கள் தீவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த கோடையில் சுவிஸில் நாங்கள் இருக்கும் எம்மன்புரூக்கே ஊரில் பாதிப்பேர் அங்கே வந்து நிற்பார்கள். கிரேக்கத்தில், துருக்கிக் கரை தெரியும் தூரத்தில், மூன்று உணவகங்களும் ஒரு பேக்கரியும் உள்ள சிறிய தீவு என்பது போதும். விமானம் பெரிய தீவில்தான் இறங்கும். அங்கிருந்து படகில் முக்கால் மணி நேரம்.

நாங்கள் அங்கே போவது இது ஏழாவது தடவை. முந்திய ஆறு பயணங்களிலும் வீட்டைப் பூட்டிய நேரம், ரயில் நகர்ந்த நேரம், படகு கரையை விட்ட நேரம் எல்லாம் என் குறிப்புப் புத்தகத்தில் இருக்கின்றன. "இதையெல்லாம் பிறகு ஆர் அப்பா வாசிக்கப் போகினம்?" என்று மகள் ஒருமுறை கேட்டாள். நான்தான் வாசிப்பேன். ஜனவரியில், மூடுபனி இரண்டு வாரம் விலகாமல் கிடக்கும்போது, மூன்றாவது பயணத்தின் படகு பன்னிரண்டு நிமிடம் பிந்தியது என்று வாசிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

ஆறு தடவையும் ஒரே வீட்டின் மேல்மாடியில்தான் தங்கினோம். வீட்டுக்கார அம்மா இளவயதில் ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர். என் மனைவியின் ஜெர்மன் லுசேர்னில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் கற்றது. இரண்டுபேரும் வினைச்சொற்களைப் பெரும்பாலும் தவிர்த்துவிட்டு, பெயர்ச்சொற்களாலும் கையாலும் மணிக்கணக்காகக் கதைப்பார்கள். மிளகாய், மாமியார், முழங்கால், விலைவாசி என்று எல்லாம் அதில் வரும். ஜெர்மன் இலக்கியம் வாசிக்கிற எனக்கு அந்த உரையாடலில் இடமில்லை.

போன மார்கழியில் அந்த அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. மகளுக்குக் கலியாணம். ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை. முதல்நாள் சனி மாலை வீட்டுப் பெண்கள் கூடிச் செய்யும் வேலைகள் இருக்கின்றன. ஒரே தங்கச்சி அவுஸ்திரேலியாவில், வரமுடியாது. அவளுடைய கதிரை வெறுமையாக இருக்கக்கூடாது, நீ வந்து இரு என்று என் மனைவியைக் கேட்டிருக்கிறார். மனைவி கைப்பேசியை வைத்துவிட்டு நேரே நாட்காட்டியடிக்குப் போனாள். அவளுடைய சொந்தத் தங்கச்சியின் கலியாணம் நடந்தபோது நாங்கள் இங்கே அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராமல் இருந்தோம். போகமுடியவில்லை.

"சனி பின்னேரம் நான் அங்க இருக்கோணும்," என்றாள். "மற்றதெல்லாத்தையும் நீங்கள் பாருங்கோ."

பார்த்தேன். சனி 13.10க்கு சூரிச்சில் விமானம். படகு 18.40க்கு. அதை விட்டால் அடுத்த படகு திங்கள். கூர் நகரில் தாதியாக வேலை செய்யும் மகள் அங்கிருந்து நேரே விமான நிலையத்துக்கு வருவாள். மனைவிக்குச் சனிக்கிழமை லீவு கிடைக்கவில்லை. காலை வேலை ஒன்பதுக்கு முடியும். ஆகவே வீட்டிலிருந்து 9.40க்குப் புறப்பட்டால் எல்லாம் சரியாக இருக்கும்.

"சனி ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலமெல்லே," என்றாள் மனைவி.

இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. ராகு காலம் என்பது சூரிய உதயத்துக்கும் மறைவுக்கும் இடைப்பட்ட நேரத்தை எட்டாகப் பிரித்து எடுப்பது. ஒன்பதிலிருந்து பத்தரை என்பது ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறையும் யாழ்ப்பாணத்துச் சூரியனுக்குப் பொருந்தும். இங்கே ஆனியில் சூரியன் ஐந்தரைக்கு வந்து இரவு ஒன்பதரைக்குத்தான் போகிறது. கணக்குப் போட்டால் எம்மன்புரூக்கேயில் அன்றைய ராகு காலம் 9.31இலிருந்து 11.30 வரை.

"அப்ப இன்னும் மோசம்," என்றாள் அவள். "ரெண்டு கணக்கிலயும் பிழைக்குது."

"நீ விடிய நாலரைக்கே வேலைக்கு வெளிக்கிடுவாய்தானே? அதைப் பயணம் எண்டு எடுத்தால் என்ன?"

"அது வேலைக்குப் போறது. கலியாணத்துக்குப் போறது இல்லை."

கடைசியில் நம்மவர்கள் வழக்கமாகச் செய்வதையே செய்தோம். நல்ல நேரத்தில் ஒரு பையை முன்கூட்டியே வெளியே அனுப்பிவிட்டால் பயணம் தொடங்கியதாகக் கணக்கு. பிறகு நாம் எப்போது போனாலும் தோஷமில்லை. வெளியே போன பை திரும்பவும் வீட்டுக்குள் வரக்கூடாது, அவ்வளவுதான். கீழ்மாடியில் ஒரு அக்கா தனியாக இருக்கிறார். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் படிப்பிப்பவர். அந்த வாரம் அவருக்கு ஓய்வு. அவர் வீட்டில் பையை வைத்து, போகும்போது எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு.

சனி காலை 7.50க்கு, மனைவி சாமித்தட்டின் கீழே கட்டி வைத்திருந்த சிவப்புத் துணிப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்ததோடு நிற்காமல் என் ராகு காலக் கணக்கையும் வாசலில் நின்று விளக்கினேன். அக்கா கவனமாகக் கேட்டார்.

"பதினொன்றரை வரையோ அண்ணை? இவ்வளவு நாளும் தெரியாமல் நான் என்னென்ன செய்துபோட்டன்!"

மேலே வந்து, வீட்டைக் கூட்டித் துடைத்து, குளிர்பெட்டியை வெறுமையாக்கி, மனைவி 9.22க்கு வந்து உடுப்பு மாற்றியதும் 9.41க்குக் கதவைப் பூட்டினேன். லுசேர்னில் 10.09 ரயில். சுக் ஏரி பளபளத்துக்கொண்டு போனது. மனைவி ஒரு தோடம்பழத்தை உரித்து எனக்குப் பாதி தந்தாள். பிறகு இயல்பாகக் கேட்டாள்.

"சிவப்புப் பையை எதுக்குள்ள வைச்சனீங்கள்?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"நீ மேல வரேக்க எடுத்துக்கொண்டு வந்திருப்பாய் எண்டு..."

"குடுத்தது நீங்களெல்லே! நீங்களே எடுப்பியள் எண்டு நான்..."

"சரி, அதுக்குள்ள என்ன, சீலைதானே? அங்க போய் வேறை ஒண்டு..."

"என்ர பாஸ்போட்."

வெள்ளிக்கிழமை மாலை எட்டேகாலுக்கு மூன்று கடவுச்சீட்டுகளையும் எண்ணி, பயணக்கோவையில் வைத்து, பட்டியலில் சரி போட்டவன் நான். அதற்குப் பிறகு அவள் தன்னுடையதை மட்டும் எடுத்துப் பைக்குள் வைத்திருக்கிறாள்.

"ஏன் உன்ரதை மட்டும்?"

"கலியாணத்துக்குக் கூப்பிட்டது என்னை. நான்தானே முதல் வெளிக்கிடோணும்."

எனக்கும் மகளுக்கும் சுவிஸ் அடையாள அட்டை இருக்கிறது, கடவுச்சீட்டு இல்லாவிட்டாலும் அதைக் காட்டிப் பறக்கலாம். அவள் அதை இன்றுவரை எடுக்கவில்லை. ஆக, அந்தக் கதிரையில் உட்கார வேண்டிய ஒரு ஆள் மட்டும் விமானத்தில் ஏறமுடியாது. பக்கத்து இருக்கையில் இருந்த சுவிஸ்காரர் தன் பத்திரிகையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

கீழ்மாடி அக்காவை அழைத்தேன். கைப்பேசி நிறுத்தப்பட்டிருந்தது. அப்போதுதான் 9.02க்கு அவர் அனுப்பிய குரல்செய்தி கேட்கப்படாமல் கிடப்பதைக் கண்டேன். மூன்று நிமிடம் நாற்பது செக்கன். அவருடைய குரல்செய்திகளை நான் சாவகாசமாக இருக்கும்போது கேட்பதுதான் வழக்கம். இருவரும் தலையை முட்டவைத்துக் கேட்டோம்.

முதல் நிமிடம் முழுவதும் வேறொரு ஆசிரியைக்கு வந்த காய்ச்சலைப் பற்றி. இரண்டாம் நிமிடத்தில், இன்று சூரிச்சுக்குப் பக்கத்து ஊரான டீட்டிகோனில் எழுத்துப் பரீட்சை, மேற்பார்வைக்கு ஆள் இல்லாமல் தன்னை அவசரமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது. மூன்றாவதில் விஷயம் வந்தது. "...பெல் அடிச்சனான் அண்ணை, உள்ளுக்க வக்கூம் கிளீனர் சத்தம். உங்கட கதவு வாசல்ல வைப்பம் எண்டு பாத்தன், பிறகு யோசிச்சன், வெளிக்கிட்ட பை திரும்பி வீட்டடிக்கு வாறது சரியில்லை. பூட்டின வீட்டுக்க விட்டுட்டும் போகேலாது. அதாலை கையோட கொண்டு போறன். நீங்கள் சூரிச்சாலதானே போறியள், டீட்டிகோனுக்கு வந்து எடுங்கோ. பள்ளிக்கூடம் ஸ்டேஷனுக்குக் கிட்டத்தான். சோதினை நேரம் போனை நிப்பாட்டி வைப்பன்..."

"நல்ல மனிசி," என்றாள் மனைவி. "கடவுளே, நல்ல மனிசி."

சூரிச் பிரதான நிலையத்தில் பெட்டிகளோடு அவளை விமான நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, நான் டீட்டிகோனுக்கு ரயில் ஏறினேன். பயணப்பொதிகள் கொடுக்கும் இடத்தை 12.25க்கு மூடுவார்கள். பிரிகிறபோது அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "பாத்துப் போங்கோ," என்று மட்டும் சொன்னாள்.

டீட்டிகோனில் ரயிலை விட்டு இறங்கிப் பள்ளிக்கூடம் வரை ஓடினேன். ஐம்பத்தெட்டு வயதில், தோல் சப்பாத்தோடு. சரியாக 11.25க்கு வகுப்புக் கதவைத் திறந்தேன். முப்பது பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அக்கா மேசையில் இருந்தார். மேசையில், விடைத்தாள் கட்டுக்குப் பக்கத்தில், என் மனைவியின் சிவப்புப் பை.

கிட்டப் போய்க் கை நீட்டினேன். அக்கா பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு என்னை வாசலடிக்குக் கூட்டிவந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இன்னும் அஞ்சு நிமிசம் பொறுங்கோ அண்ணை. நீங்கள்தானே சொன்னனீங்கள், பதினொன்றரைக்குத்தான் முடியுதெண்டு."

"அக்கா, அது எம்மன்புரூக்கேக்கு. டீட்டிகோன் கிழக்கால கிடக்கு, இஞ்ச சூரியன் கொஞ்சம் முந்தி உதிக்கும்..."

"எவ்வளவு முந்தி?"

கணக்குப் போட்டேன். அரை நிமிடத்துக்கு மேல் வராது. பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் நேரத்தைப் பற்றி நான் பொய் சொல்வதில்லை.

"அப்ப நாலரை நிமிசம் நில்லுங்கோ," என்றார். "ரயில் முப்பத்தெட்டுக்குத்தான். நான் பாத்திட்டன். கலியாண வீட்டுக்குப் போறா, ஏன் வீணா?"

நின்றேன். முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு, நான் பரீட்சைக்குப் பிந்தி வந்தவன் என்று நினைத்தோ என்னவோ, பக்கத்தில் இருந்தவளிடம் சுவிஸ் ஜெர்மனில் ஏதோ சொல்ல, இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் ஆறைத் தொட அரை நிமிடம் இருக்கும்போது அக்கா பையை இரண்டு கையாலும் தந்தார். "கலியாணப் பொம்பிளைக்கு எங்கட வாழ்த்தையும் சொல்லுங்கோ. வடிவா ஓடுங்கோ, விழுந்துபோடாதேங்கோ."

11.38 ரயில் 11.38க்கே போனது. சூரிச்சில் மாறி, விமான நிலையத்தின் படிகளில் இரண்டிரண்டாக ஏறி, 12.16க்கு வரிசைக்கு வந்தேன். மனைவி வரிசையின் முன்னுக்கு நின்றாள். பின்னால் நின்றவர்களை ஒவ்வொருவராக முன்னே விட்டுக்கொண்டு. அவளுக்குப் பக்கத்தில் மகள்.

"அப்பா, வொய்ஸ் மெசேஜை ரெண்டு மடங்கு வேகமாக் கேக்கலாம். ஒரு பட்டன் இருக்கு," என்றாள் மகள்.

"அந்தப் பட்டன் பத்து மணிக்கு எனக்குத் தெரியாது."

"மெசேஜை ஒன்பது மணிக்கே கேட்டிருக்கோணும், அதுதான் பிரச்சினை."

மனைவி கடவுச்சீட்டை நீட்டினாள். பெட்டிகள் நகர்ந்தன. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "கதையாதேங்கோ," என்றாள். "படகில ஏறினாப் பிறகு கதைப்பம்."

விமானம் எட்டு நிமிடம் பிந்தியது. பெரிய தீவில் டாக்சிக்காரர் வழமைபோல் எங்கள் சூரியனையும் தன் சூரியனையும் ஒப்பிட்டு எங்களுக்காக வருத்தப்பட்டார். 18.31க்கு நாங்கள் படகின் மேல்தட்டில் இருந்தோம். கயிற்றை அவிழ்த்து, கரைக்கும் படகுக்கும் நடுவில் ஒரு முழம் தண்ணீர் தெரிந்ததும், மனைவி என் தோளில் சாய்ந்து, கதைப்பம் என்று சொன்னதையும் மறந்து, நித்திரையாகிப் போனாள். அவள் விடிய நான்கு மணிக்கு எழும்பியவள்.

துறையில் வீட்டுக்கார அம்மாவே நின்றார். கையெல்லாம் மாவு. எங்கள் மூவருக்கும் முத்தம் கொடுத்துவிட்டு, என் மனைவியின் கையைப் பிடித்து நடக்கத் தொடங்கினார். பெட்டிகளோடு பின்னால் நானும் மகளும். வீட்டு முற்றத்தில், கொடிமுந்திரிப் பந்தலின் கீழே, நீள மேசையைச் சுற்றி எட்டுப் பெண்கள். வெயில் இன்னும் சுவரில் இருந்தது. அம்மாவின் வலதுபக்கத்தில் ஒரு கதிரை காலியாக இருந்தது. அதில் மனைவியை இருத்தி, மற்றவர்களுக்குக் கிரேக்கத்தில் ஏதோ சொன்னார். அவர்கள் எல்லோரும் தலையாட்டி, கொஞ்சம் நெருங்கி இருந்து இடம் விட்டார்கள்.

"என்ன சொன்னவ?" என்று மகளைக் கேட்டேன். ஆறு கோடையில் அவள் கொஞ்சம் கிரேக்கம் பிடித்திருந்தாள்.

"'தங்கச்சி வந்திட்டாள், இனித் தொடங்குவம்' எண்டு."

மேசை நிறையச் சீனி பூசிய வெள்ளை வாதுமைகள். அவற்றை வலைத்துணியில் முடிந்து, விருந்தினருக்குக் கொடுப்பார்களாம். எனக்கும் ஒரு முக்காலி தந்தார்கள். ஒரு துணியில் ஆறு வாதுமைகளை வைத்து நான் முடியப் போனேன். இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு கைகள் ஒரே நேரத்தில் வந்து என் கையில் தட்டின. ஒன்று வீட்டுக்கார அம்மாவுடையது. மற்றது என் மனைவியுடையது.

"அஞ்சு!" என்று அம்மா ஜெர்மனில் சொன்னார். இரட்டை எண் கலியாணத்துக்கு ஆகாது, இரண்டாகப் பிரியக்கூடியது.

"ஓம், அஞ்சு. இவருக்கு ஒண்டும் தெரியாது," என்று மனைவி தமிழிலேயே சொல்லி, ஆறாவது வாதுமையை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மொழி தெரியாத எட்டுப் பெண்களும் அதற்குச் சிரித்தார்கள்.